பக்கத்தில் இருந்த ஊர்

எங்கள் வீட்டிலிருந்து குப்பை என்று வெளியே போனது மிகக் கொஞ்சம். திருவல்லிக்கேணியில் ஆறு குடித்தனம் இருந்த வீடு அது. பின்கட்டில் ஓர் அறையும் அதை ஒட்டிய சமையல் மூலையும் எங்களுடையவை. 1980-களின் தொடக்கம். தெருமுனையில் கிடந்த சிமெண்டு உறை ஒன்றுதான் தெரு முழுவதற்கும் குப்பைத்தொட்டி. அதில் நாங்கள் கொண்டுபோய்க் கொட்டியதெல்லாம் பெருக்கி அள்ளிய மண்ணும், சீப்பில் சுருண்ட முடியும், பாத்திரம் துலக்கியது போக மிஞ்சிய அடுப்புச் சாம்பலும்தான்.

மற்றதெல்லாம் எங்கே போயிற்று என்று சொல்ல வேண்டும். நகரத்தில் சிக்கனமாக, மண்ணையும் நீரையும் கெடுக்காமல் வாழ்வதைப் பற்றி இன்று பேசுகிறவர்கள் பெரும்பாலும் எதை வாங்கலாம், எதை வாங்கக் கூடாது என்பதோடு நின்றுவிடுகிறார்கள். நாங்கள் குறைவாக வாங்கினோம், உண்மைதான். ஆனால் வாங்கிய ஒவ்வொரு பொருளுக்கும், அதன் வேலை முடிந்ததும் போய்ச் சேர ஓர் இடம் நடக்கிற தூரத்தில் இருந்தது. என் பெற்றோரின் குணத்தை விட இந்த ஏற்பாடுதான் எங்களை மலிவாக வாழவைத்தது என்பது என் எண்ணம்.

முற்றத்து மூலையில் கழுநீர்த் தொட்டி இருந்தது. அரிசி களைந்த தண்ணீர், மிஞ்சிய கஞ்சி, கத்தரிக்காய்க் காம்பு, பூசணித் தோல், வாழைப்பழத் தோல் எல்லாம் அதில் விழும். சாயங்காலம் பால்காரர் தகர டின்னோடு வந்து மொண்டுகொண்டு போவார். மறுநாள் விடியற்காலையில் அதே மனிதர் மாட்டை வாசலுக்கு ஓட்டி வருவார். செம்பைத் தலைகீழாகக் கவிழ்த்து, உள்ளே சொட்டுத் தண்ணீர் இல்லை என்று அம்மாவுக்குக் காட்டிவிட்டுத்தான் கறக்க உட்காருவார். எங்கள் வீட்டுத் தோலும் கஞ்சியும் பாலாகத் திரும்பி வந்தன. சாணம் எதிர்வீட்டுச் சுவரில் வறட்டியாகக் காய்ந்தது.

அப்பா மவுண்ட் ரோடு பக்கம் ஓர் அச்சகத்தில் கம்பாசிட்டர். ஈய எழுத்துகளை ஒவ்வொன்றாகப் பொறுக்கிக் கோக்கிற வேலை. கட்டிங் மிஷினில் வெட்டி விழும் தாள் துண்டுகளை முதலாளியிடம் கேட்டு வாரத்துக்கு ஒருமுறை கொண்டுவருவார். ஒரு பக்கம் நீளமாக, ஒரு பக்கம் குறுகலாக, ஒன்றோடொன்று பொருந்தாத துண்டுகள். ஞாயிற்றுக்கிழமை பாயில் உட்கார்ந்து அவற்றை அளவு பார்த்து அடுக்குவார். நடுவில் மடித்து, கோணி ஊசியால் மூன்று துளை போட்டு, நூலை வெளியிலிருந்து உள்ளே விட்டு முடிச்சுப் போடுவார். மேலட்டைக்கு அச்சுப் பிசகிய சினிமாப் போஸ்டர். ஒட்டுவதற்கு அம்மா காய்ச்சிய மைதாப் பசை. பூச்சி அரிக்காமலிருக்க அதில் துளி மயில்துத்தம். என் கணக்கு ரஃப் நோட்டின் அட்டையில் ஏதோ ஒரு கதாநாயகனின் பாதிக் கன்னம் இருக்கும். பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் அந்த நோட்டுகளைக் கேட்டு வாங்கிப் பார்ப்பார்கள்.

துணியும் அப்படித்தான். அப்பாவின் எட்டு முழ வேட்டி கிழியத் தொடங்கியதும் நடுவில் வெட்டி ஓரங்களைச் சேர்த்துத் தைத்து இன்னும் ஆறு மாதம் ஓட்டுவார். பிறகு அது இரண்டு துண்டாகும். அப்புறம் பக்கத்துக் குடித்தனத்துக் கைக்குழந்தைக்கு விரிப்பு. அதன் பின் சூடான பாத்திரம் இறக்கும் கரித்துணி. கடைசியில் விளக்குத் திரி. சாயம் போன சேலையும் பேண்ட்டும் பாத்திரக்காரம்மாவிடம் போகும். எவர்சில்வர் டம்ளர் ஒன்றுக்காக அம்மா அவரோடு அரைமணி நேரம் பேரம் பேசுவார். வாரப் பத்திரிகைகளில் வந்த தொடர்கதையை மாமா கிழித்துச் சேர்த்து பைண்டு செய்து வைப்பார். அந்தத் தொகுப்புகள் தெருவில் இருந்த எல்லார் கைக்கும் போய் வந்தன. புதுப் பாடப்புத்தகம் நாங்கள் வாங்கியது அபூர்வம். பைகிராப்ட்ஸ் சாலை நடைபாதையிலும், 1985 மே மாதத் தீயில் அழிந்துபோகும் வரை மூர் மார்க்கெட்டிலும், போன வருஷத்துப் பிள்ளைகளின் புத்தகங்கள் கிடைத்தன.

தெருவில் குரல் கொடுத்துக்கொண்டு போனவர்களை நினைத்துப் பார்க்கிறேன். ஈயம் பூசுகிறவர், கத்திக்குச் சாணை பிடிக்கிறவர், அம்மி கொத்துகிறவர், குடை ரிப்பேர்காரர், பஞ்சு கொட்டி மெத்தை தைத்துக் கொடுப்பவர், பழைய பேப்பர்காரர். ஒரு குடைக்குக் கம்பி மாற்ற ஆன செலவு புதுக்குடை விலையில் சொற்பம். ஒவ்வொரு தெருவிலும் பத்துக் குடை உடைந்திருந்ததால் அவருக்கும் அது கட்டுபடியாயிற்று. இத்தனை குடும்பங்கள் நெருக்கமாக வாழ்கிற இடத்தில்தான் ரிப்பேர் ஒரு தொழிலாக நிற்க முடியும். கிராமத்தில் அது முடியாது. பரந்து விரிந்த புறநகரிலும் முடியாது. நெரிசலை நகரத்தின் நோய் என்று பலர் சொல்கிறார்கள். எங்களுக்கு அது பெரிய உதவி.

தண்ணீர் கதை வேறு. அதை இனிப்பாகச் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. மெட்ரோ வாட்டர் குழாயில் அழுத்தம் இருக்காது. வாசலில் பள்ளம் தோண்டி, அதில் இறங்கும் குழாயில் அடிபம்பு பொருத்தியிருந்தார்கள். விடியற்காலை மூன்று, மூன்றரைக்குத் தண்ணீர் வரும். ஆறு குடித்தனத்துக்கும் முறை உண்டு. ஒரு குடித்தனத்துக்கு இத்தனை குடம் என்று கணக்கு, குடங்களே வரிசையில் நிற்கும். என் அம்மா ஒரு கையால் பம்பை அடித்துக்கொண்டே மறுகையால் குடத்தைச் சரிசெய்வார். முதல் சில அடிக்கு வெறும் காற்றுதான் வரும். செம்பில் வைத்திருக்கும் தண்ணீரை மேலிருந்து ஊற்றி, வாஷர் நனைந்த பிறகு அடித்தால் சேறு கலந்து வரும். அதற்கு அப்புறம்தான் நல்ல தண்ணீர். நாற்பது வயதில் அம்மாவுக்கு வலது தோள் போய்விட்டது. கடைசி வரை கையைத் தலைக்கு மேல் தூக்க முடியவில்லை.

அடுப்பும் அப்படி. மரவாடியிலிருந்து மூட்டையாக மரத்தூள் வரும். தகர அடுப்பின் நடுவில் ஒரு பாட்டிலை நிறுத்தி, கீழ்வாயில் இன்னொரு பாட்டிலைப் படுக்கவைத்து, சுற்றிலும் தூளைக் கொட்டிக் கொட்டி இடிக்க வேண்டும். இறுகிய பிறகு இரண்டு பாட்டிலையும் திருகியபடி மெல்ல உருவினால் காற்றுப் போக வழி கிடைக்கும். சரியாக இடித்த அடுப்பு மத்தியானம் வரை எரியும். யாரும் வேண்டாமென்று ஒதுக்கிய மரத்தூளில் எங்கள் சோறு வெந்தது. ஆனால் மார்கழி மாதம் அறைக்குள் நின்ற புகையை மூச்சில் இழுத்தது அம்மா. கேஸ் வந்த அன்று அவர் அழுதார். அந்த அடுப்பைத் திரும்பக் கொண்டுவர வேண்டும் என்று யாராவது சொன்னால் நான் எதிர்த்து நிற்பேன். பழைய வாழ்க்கையின் மலிவில் ஒரு பங்கு பெண்களின் உடம்பிலிருந்து எடுத்தது. அந்தப் பங்கைத் தள்ளிவிட்டு மீதியில் எதைக் காப்பாற்றலாம் என்று பார்ப்பதுதான் நேர்மை.

மீதி என்று நான் சொல்வது, உதாரணத்துக்கு, அண்ணாச்சி கடை. நூறு கிராம் துவரம்பருப்பு, ஐம்பது கிராம் மல்லி, நாலணாவுக்குக் கடுகு என்று அன்றன்றைக்குத் தேவையானதை வாங்கலாம். பழைய பேப்பரைக் கூம்பாகச் சுருட்டி, மேலே தொங்கும் கண்டிலிருந்து நூலை இழுத்துக் கட்டித் தருவார். வீட்டுக்கு வந்ததும் நூலைப் பிரித்து ஓர் அட்டையில் சுற்றி வைப்போம், பூக்கட்ட ஆகும். எண்ணெய்க்குத் தூக்கு நாங்கள் கொண்டுபோவோம். மாதக் கடைசியில் கணக்கு நோட்டில் எழுதிக்கொள்வார். சிறு அளவில் வாங்க முடிந்ததால் எங்கள் வீட்டில் பருப்பில் வண்டு விழுந்து கொட்டியது கிடையாது. இன்று மொத்தமாக வாங்கினால் மலிவு என்கிறார்கள். மொத்தமாக வாங்கிவைக்க இடம் வேண்டும், ஃபிரிட்ஜ் வேண்டும், கையில் மொத்தமாகப் பணமும் வேண்டும். அந்த மூன்றும் இல்லாதவர்களுக்குச் சில்லறைதான் சிக்கனம்.

ரேஷன் கடையைச் சொல்லாமல் விடக் கூடாது. எங்கள் கார்டு டி.யு.சி.எஸ். கடையில் இருந்தது. திருவல்லிக்கேணி நகரக் கூட்டுறவுச் சங்கம் 1904-இல் தொடங்கியது; இந்தியாவின் மிகப் பழைய நுகர்வோர் கூட்டுறவுகளில் ஒன்று. வியாபாரிகளின் விலைக்குக் கட்டுப்பட்டுக் கிடக்காமல் தாங்களே சேர்ந்து அரிசி பருப்பு வாங்கி விற்கலாம் என்று இதே தெருக்களில் இருந்த மாதச் சம்பளக்காரர்கள் சிலர் நூறு வருஷத்துக்கு முன்பே முடிவு செய்திருக்கிறார்கள். மலிவாக வாழ்வதைத் தனி ஆளின் கெட்டிக்காரத்தனமாகப் பார்க்காமல் சேர்ந்து செய்யும் காரியமாக அவர்கள் பார்த்தார்கள். அந்த யோசனை எனக்கு மிகவும் பிடிக்கும். இன்றும் தமிழ்நாட்டில் ரேஷன் எல்லாக் குடும்பங்களுக்கும் பொது. 2011-லிருந்து அரிசி இலவசம். ரேஷன் அரிசி என்றால் முகம் சுளிக்கும் வீடுகளில் நானும் சாப்பிட்டிருக்கிறேன். நன்றாக இரண்டு முறை களைந்து, தண்ணீர் கொஞ்சம் கூட வைத்தால் அந்த அரிசியில் இட்லி பூப்போல வரும். இட்லிக்கு அதை விட நல்ல அரிசி வேண்டியதில்லை.

வீடும் சொல்ல வேண்டியதே. மெட்ராஸ் டெரஸ் போட்ட பழைய கட்டடம். தேக்கு விட்டம், அதன்மேல் குத்துவாட்டில் அடுக்கிய செங்கல், சுண்ணாம்பு. நடுவில் முற்றம். விளக்குக்கு மாதம் இவ்வளவு என்று வீட்டுக்கார அம்மா தனியாக வாங்குவார். ஃபேன் போட்டால் அதற்கு மேலே. அதனால் ஃபேன் இல்லை. மத்தியானம் இரண்டு மணிக்கு மேல் கடற்காற்று கிளம்பி முற்றம் வழியாக இறங்கும். சித்திரை, வைகாசியில் எல்லாக் குடித்தனமும் மொட்டைமாடியில் தண்ணீர் தெளித்துப் பாய் விரித்துப் படுக்கும். 2003-இல் மழைநீர் சேகரிப்பைச் சட்டம் கட்டாயமாக்கியபோது, அந்த வீட்டுக்கார அம்மாவின் மகன் மாடிக் குழாயைக் கொல்லைப்புறத்துப் பழைய கிணற்றில் திருப்பிவிட்டார். அடுத்த இரண்டு மழைக்குப் பிறகு கிணற்றில் உப்புக் கரிப்பு குறைந்தது என்று குடித்தனக்காரர்கள் சொன்னார்கள். பெரிய செலவில்லை, நாலு முழக் குழாய், ஒரு எல்போ, மேலே கொஞ்சம் கூழாங்கல்.

இப்போது நான் இருப்பது மேடவாக்கம் பக்கம், ஏழாவது மாடி. வேலையும் கல்யாணமும் குழந்தைகளும் என்னை இந்தப் பக்கம் கொண்டுவந்து சேர்த்தன. ஜன்னலைத் திறந்தால் பள்ளிக்கரணைச் சதுப்பின் ஓர் ஓரம் தெரியும். குளிர்காலத்தில் பூநாரை வந்து இறங்குகிற இடம். 2022-இல் ஈரநிலங்களுக்கான ராம்சார் பட்டியலில் சேர்ந்தது. அதே சதுப்பின் உடம்பில்தான் பெருங்குடிக் குப்பைக் கிடங்கும் இருக்கிறது. சென்னையின் குப்பை நாளொன்றுக்கு 5,000 டன்னுக்கு மேல். அதில் பெரும்பங்கு பல ஆண்டுகளாக இங்கேயும் கொடுங்கையூரிலும் மலையாகக் குவிந்தது. 2022 ஏப்ரலில் பெருங்குடிக் கிடங்கு தீப்பிடித்து நாள்கணக்கில் புகைந்தது. ஜன்னலை அடைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தோம். கத்தரிக்காய்க் காம்பும் பழத்தோலும் பாலாகத் திரும்பிய தெருவில் வளர்ந்த எனக்கு, அவையே பிளாஸ்டிக் பைக்குள் அழுகிப் புகையாகத் திரும்பி வந்தது தாங்க முடியாத காரியமாக இருந்தது.

எங்கள் குடியிருப்பில் நல்லவர்கள் இருக்கிறார்கள், செய்கிறவர்கள் இருக்கிறார்கள். மூன்றாவது மாடியில் ஒரு இளம் தம்பதி பால்கனியில் மண்தொட்டி அடுக்கு வைத்து உரம் போடுகிறார்கள். காய்ந்த இலை ஒரு கை, காய்த்தோல் ஒரு கை, மேலே புளித்த மோர் தெளித்து மூடிவிடுவார்கள். கிட்டப் போய் முகர்ந்து பார்த்தேன். மழை பெய்த மண் வாசனைதான். அவர்களைப் பார்த்து இப்போது எங்கள் பிளாக் முழுவதும் ஈரக் குப்பையைத் தனியே எடுக்கிறோம். 2016-ஆம் ஆண்டின் திடக்கழிவு விதிகள் வீட்டிலேயே தரம் பிரிக்கச் சொல்லியிருந்தன. பெரிய குடியிருப்புகள் ஈரக் குப்பையை முடிந்தவரை தங்கள் வளாகத்துக்குள்ளேயே உரமாக்க வேண்டும் என்றும் சொல்லியிருந்தன. விதியைக் காட்டியபோது அசையாத குடியிருப்போர் சங்கம், அந்தத் தொட்டி உரத்தில் விளைந்த தக்காளியைப் பார்த்து அசைந்தது.

ஆனால் வேறு சிலவற்றில் எவ்வளவு முயன்றாலும் செலவு குறையவில்லை. கீழே இறங்கினால் நடக்கிற தூரத்தில் கடை இல்லை. ஒரு கட்டு கீரைக்கு ஸ்கூட்டர் எடுக்க வேண்டும், அல்லது போனில் தட்டினால் ஒருவர் பைக்கில் கொண்டுவந்து தருவார். கீரையோடு இரண்டு உறையும் வரும். மிக்ஸி கெட்டால் சரிபார்க்க ஆளில்லை. கம்பெனிக்குச் சொன்னால் புதுசு வாங்குங்கள், அதுதான் லாபம் என்கிறார்கள். நான் மிக்ஸியைத் தூக்கிக்கொண்டு ரிச்சி தெருவுக்குப் போகிறேன். அங்கே இன்னும் மோட்டாரைப் பிரித்துக் கார்பன் மாற்றித் தருகிறார்கள். பஸ்ஸில் போய்வர அரைநாள் ஆகும். கல்யாணத் தாம்பூலத்தோடு வந்து பீரோவில் அடுக்கடுக்காகச் சேர்ந்த மஞ்சள் பையை, 2021 டிசம்பரில் அரசே ஓர் இயக்கமாக்கித் திரும்பக் கொண்டுவந்தது. கோயம்பேட்டில் பத்து ரூபாய் போட்டால் பை தரும் இயந்திரம் வைத்தார்கள். 2019 தொடக்கத்திலிருந்து ஒருமுறை பயன்படுத்தும் பிளாஸ்டிக்குக்குத் தடையும் இருக்கிறது. இவை நல்ல காரியங்கள். பை கையில் இருந்தால் போதாது, அதைத் தூக்கிக்கொண்டு நடந்து போகக் கடை வேண்டும்.

2019 கோடை நினைவிருக்கும். பூண்டி, சோழவரம், செங்குன்றம், செம்பரம்பாக்கம் நான்கும் வறண்டன. எங்கள் போர்வெல் காற்றை மட்டும் தந்தது. லாரி வந்தால் தண்ணீர். ஜூலையில் ஜோலார்பேட்டையிலிருந்து வில்லிவாக்கத்துக்கு ரயிலில் காவிரித் தண்ணீர் வந்தது. சதுப்பையும் ஏரியையும் மூடிக் கட்டிய ஊருக்கு இருநூறு கிலோமீட்டர் தாண்டித் தண்ணீர் வந்து சேர வேண்டியிருந்தது. அந்த மாதங்களில் நாங்கள் அரிசி களைந்த தண்ணீரைச் செடிக்கும், துணி அலசிய தண்ணீரைக் கழிப்பறைக்கும் விட்டோம். மழை வந்ததும் பலர் விட்டுவிட்டார்கள். எங்கள் வீட்டில் விடவில்லை. ஏழாவது மாடியில் குழாயைத் திறந்தால் தண்ணீர் கொட்டும்போது, என் அம்மாவின் தோளைத் தெரிந்த எனக்கு அதை வீணாக்க வரவில்லை.

இதெல்லாம் என் போன்றவர்களின் பாடு. தொலைவு என்பது ஏழைகளுக்கு என்ன செலவு வைக்கிறது என்று எனக்குக் காட்டியவர் எங்கள் குடியிருப்பில் வீட்டு வேலைக்கு வரும் ஓர் அக்கா. சிந்தாதிரிப்பேட்டைப் பக்கம், கூவம் கரையில் இருந்தவர். கரையோரக் குடியிருப்புகளை அகற்றியபோது பெரும்பாக்கத்துக்குக் கொண்டுவந்து விட்டார்கள். இருபது கிலோமீட்டருக்கு மேல். கூவத்தின் நாற்றமும் வெள்ள பயமும் இப்போது இல்லை. உள்ளேயே கழிப்பறை இருக்கிறது. அதை அவர் குறைத்துச் சொல்வதில்லை. ஆனால் முன்பு அவர் வேலை பார்த்த வீடுகள் எல்லாம் நடக்கிற தூரம். இருட்டியதும் மீன் மார்க்கெட்டில் விற்காமல் நின்ற மீன் பாதி விலைக்குக் கிடைக்கும். மகன் மாநகராட்சிப் பள்ளிக்கு நடந்தே போவான். அவசரத்துக்கு அரசாங்க ஆஸ்பத்திரி பக்கம்.

“அங்க ஓலைக் குடிசைதான்க்கா. ஆனா கையில இருபது ரூபா இருந்தா ஒரு நாளை ஓட்டிடலாம். இங்க நல்ல வீடு, ஐந்நூறு இருந்தாலும் பத்தல” என்றார் ஒருநாள், கேரட் சீவிக்கொண்டே.

அவரை விடக் குறைவாக வாங்குகிறவர், குறைவாகத் தூக்கி எறிகிறவர் எங்கள் குடியிருப்பில் ஒருவரும் இல்லை. ஆனாலும் அவருக்குச் செலவு கட்டுக்குள் வரவில்லை. சிக்கனத்தைத் தாங்கிப் பிடித்த அக்கம்பக்கம் கைவிட்டுப் போய்விட்டது. எட்டடுக்குக் கட்டடங்களில் லிஃப்ட் நின்றால் குடத்தைத் தூக்கிக்கொண்டு படியேறுகிறவர்கள், அன்று அடிபம்பில் நின்ற அதே மாதிரிப் பெண்கள். 2021 மே மாதத்திலிருந்து சாதாரணக் கட்டணப் பஸ்ஸில் பெண்களுக்குக் கட்டணம் இல்லை என்று ஆனதால்தான் பழைய இடத்தில் இன்னும் இரண்டு வீட்டு வேலையை அவர் விடாமல் வைத்திருக்கிறார். ஒரு நாள் போக்குவரத்துச் செலவு மிச்சமாகி அது வீட்டு மளிகையாகிறது. நகரத்தில் மலிவாக வாழ எது உதவும் என்று என்னைக் கேட்டால் பட்டியலில் முதலில் அந்தப் பஸ்ஸைத்தான் எழுதுவேன். இரண்டாவது, 2013-இல் வந்த ஒரு ரூபாய் இட்லி. அம்மா உணவகத்தில் காலையில் நிற்கும் வரிசையில் துப்புரவுத் தொழிலாளரும் கட்டட வேலைக்காரரும் ஹாஸ்டல் மாணவரும் இருக்கிறார்கள்.

மூன்றாவது, வாடகை. சென்னையில் பத்து மாத அட்வான்ஸ் என்பது எழுதாத சட்டமாகவே இருந்தது. 2017-இல் இயற்றி 2019-இல் நடைமுறைக்கு வந்த புதிய வாடகைச் சட்டம் குடியிருப்புக்கு மூன்று மாத வாடகைக்கு மேல் முன்பணம் வாங்கக் கூடாது என்கிறது. இன்றும் புதிதாக வேலைக்கு வரும் பிள்ளைகளிடம் அதை விடக் கூடுதலாகக் கேட்கிறார்கள். அவர்களும் கடன் வாங்கிக் கொடுக்கிறார்கள். வேலைக்கு அருகில் ஒரு சின்ன அறை கட்டுபடியாகும் விலையில் கிடைத்துவிட்டால் பெட்ரோல் வேண்டாம், இரண்டாவது வாகனம் வேண்டாம், சமைக்க நேரம் கிடைக்கும், தூக்கம் கிடைக்கும். மூங்கில் பல்துலக்கியும் கண்ணாடிப் பாட்டிலும் வாங்குகிற இளம் பிள்ளைகளைப் பார்த்து எனக்கு மகிழ்ச்சிதான். அதே அக்கறையோடு அவர்கள் வாடகைச் சட்டத்தைப் படிக்க வேண்டும், பஸ் நிறுத்தத்தில் நிழற்குடை கேட்டு மனுக் கொடுக்க வேண்டும் என்று ஆசைப்படுகிறேன்.

எங்கள் குடியிருப்பில் இப்போது ஒரு பிரச்சினை. தள்ளுவண்டிக்காரர்களை உள்ளே விடக் கூடாது என்று பாதுகாப்பைக் காரணம் காட்டிச் சங்கம் சில வருஷங்களுக்கு முன் முடிவெடுத்தது. காய்கறி வண்டிக்காரர் வெளியே சாலையில் வெயிலில் நிற்கிறார். லாரிகள் உரசிக்கொண்டு போகும் சாலை அது. வயதானவர்கள் கடந்து போகப் பயப்படுகிறார்கள். இஸ்திரி போடுகிறவரையும் காம்பவுண்டு மூலையிலிருந்து எழுப்பிவிட்டார்கள். சாலையோர வியாபாரிகளின் பிழைப்பைக் காக்க 2014-இல் நாடாளுமன்றமே சட்டம் போட்டிருக்கிறது. வளாகத்துக்குள் அது செல்லாது என்று செயலாளர் சொல்கிறார். சட்டம் செல்லாவிட்டாலும் நமக்கு அவர்கள் வேண்டும் என்பது என் பதில். உள்ளே நூற்றுக்கணக்கான வீடுகள் இருக்கின்றன. திருவல்லிக்கேணியில் ஒரு தெருவில் இருந்ததை விட அதிகம். ஒரு காய்கறி வண்டி, ஒரு இஸ்திரி வண்டி, மாதம் ஒருநாள் வந்துபோகும் ஒரு மிக்ஸி மெக்கானிக், பழைய துணியைச் சரிசெய்ய ஒரு தையல்காரர் ஆகியோருக்குப் பிழைப்புத் தர இந்த நெருக்கம் போதும். ஆயிரம் பேர் மேலும் கீழுமாக அடுக்கி வாழ்ந்துகொண்டு, ஆளுக்கொரு ஸ்கூட்டரில் தக்காளி வாங்கப் போவது எனக்குச் சம்மதமில்லை.

பெரும்பாக்கம் அக்காவின் தங்கைக்குத் தையல் நன்றாகத் தெரியும், மிஷினும் இருக்கிறது. அவருக்காகவும் கேட்டிருக்கிறேன். வண்டிக்காரர்கள் கேட்பது பெரிதில்லை. காலை ஏழிலிருந்து ஒன்பது வரை வாசலுக்கு உட்புறம், வேப்பமரத்துப் பக்கம் நிற்க இடம்; கீரைக்குத் தெளிக்க ஒரு தண்ணீர்க் குழாய். தையலுக்குக் கார் நிறுத்துமிடத்தில் யாரும் எடுக்காத ஒரு மூலை, ஒரு பிளக் பாயிண்ட். எல்லாவற்றையும் எழுதி, எங்கள் பிளாக்கில் வீடு வீடாகப் போய்க் கையெழுத்து வாங்கிச் சங்கத்தில் கொடுத்திருக்கிறேன். ஞாயிற்றுக்கிழமை கூட்டம். மற்ற பிளாக்குகளிலும் இன்னும் கையெழுத்து வாங்க வேண்டும்.